வலது காலும் இரண்டாவது புள்ளியும்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு உலகத்தில் பிடிக்காத இடம் ஒன்றே ஒன்றுதான்: அடுத்தவர் ஓட்டும் வண்டியின் பக்கத்து இருக்கை. இருபத்தாறு வருஷமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துதான் பிழைப்பு நடத்தினார் என்றாலும், ஸ்கூல் வண்டியில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மற்ற வண்டிகளில் இல்லை. அதனால் அன்று காலை மனைவி ஓட்ட, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவருடைய வலது கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டே வந்தது. அந்தப் பக்கத்து மிதியடி ஒருமுறை ஓட்டையாகி, புதிதாக ஒன்று போட்டு, அதுவும் குதிகால் படும் இடத்தில் இளைத்துப்போயிருந்தது.

“மஞ்சள் விளக்கு.”

“தெரியுது.”

“மஞ்சள்னா வேகத்தைக் குறைக்கணும்.”

“உங்க புகார் பதிவு செய்யப்பட்டது,” என்றாள் மனைவி.

அவள் தண்ணீர் சப்ளை அலுவலகத்தில் புகார்களைப் போனில் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலையில் இருந்தாள். குழாயில் தண்ணீர் வராத கோபத்தில் ஒரு நாளைக்கு நூறு பேர் வாய்க்கு வந்தபடி திட்டுவதை முகம் மாறாமல் கேட்கிறவளுக்கு ஒரு புருஷன் எம்மாத்திரம்?

ஆனால் மாஸ்டர் அன்று நல்ல மனநிலையில்தான் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெருங்குடலில் ஒரு கட்டி வந்து, அறுத்து எடுத்தார்கள். போகிற போக்கில் அது கல்லீரலில் இரண்டு விதையை வீசிவிட்டுப் போயிருந்தது. நான்கு மாதம் மருந்து ஏற்றியதில் இரண்டும் புள்ளிகளாகச் சுருங்கின, சாகவில்லை. வெட்டி எடுக்கலாம் என்றால், ஒன்று நட்ட நடுவில் பெரிய ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அதை எடுக்கப் பாதி ஈரலையே எடுக்க வேண்டும். போன ஆபரேஷனில் மயக்க மருந்து கொடுத்ததற்கே நுரையீரலில் சளி கட்டி மூன்று வாரம் படுத்துக் கிடந்தவர். இன்னொரு பெரிய மயக்கத்துக்கு மயக்க டாக்டர் ஒரேயடியாகக் கையை விரித்துவிட்டார்.

அப்புறம்தான் லேசர் பேச்சு வந்தது. அதைச் செய்யும் டாக்டரம்மா நாற்பது வயதுக்காரி. வளைத்துப் பேசத் தெரியாதவள். “வயித்தைக் கிழிக்க மாட்டோம். தோலை மட்டும் மரத்துப்போக வச்சுட்டு ஊசி மாதிரி ஒரு மெல்லிசான குழாயை உள்ள விடுவோம். அதுக்குள்ள நூல் தடிமன்ல ஒரு கண்ணாடி இழை. அதோட நுனியில வர்ற வெளிச்சம் சுத்தியிருக்கிற சதையைச் சூடாக்கும். முட்டை வெள்ளைக்கரு வெந்தா மறுபடி தண்ணியாகுமா? அந்த மாதிரி கட்டியும் வெந்து செத்துடும். சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம்.”

“சிக்கல் எங்க இருக்கு டாக்டர்?”

“ரெண்டாவது புள்ளியில. பக்கத்துல ரத்தம் ஓடுது இல்லையா, அது சூட்டை அடிச்சுக்கிட்டுப் போயிடும். அதனால இழை மிகச் சரியா நடுவுல நிக்கணும். அஞ்சு மில்லிமீட்டர் தள்ளி நின்னா ஓரத்துல உயிர் மிச்சம் இருக்கும்.”

“மிச்சம் இருந்தா?”

“திரும்ப வளரும்.”

மாஸ்டருக்கு அவளைப் பிடித்துப்போனது. ‘எல்லாம் நல்லபடியா நடக்கும்’ என்று முதுகில் தட்டுகிறவர்களை அவர் நம்புவதில்லை. எண்ணைச் சொல்கிறவர்களை நம்புவார்.

ஈரல் ஓர் இடத்தில் நிற்கிற சாமான் இல்லை என்பதையும் அவள்தான் சொன்னாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அது இரண்டு சென்டிமீட்டர் ஏறி இறங்கும். குழாயை உள்ளே தள்ளும் நேரத்தில் மூச்சை வெளியே விட்டு, ஒவ்வொரு தடவையும் அதே அளவில் நிறுத்தி வைக்க வேண்டும். மாஸ்டர் ஒரு வாரம் கட்டிலில் மல்லாந்து படுத்து, மனைவி கைபேசியில் நேரம் பார்க்க, மூச்சை நிறுத்திப் பழகினார். முதல் நாள் பன்னிரண்டு விநாடி. ஏழாம் நாள் இருபத்தெட்டு. பாடம் நடத்துகிறவர் தேர்வுக்கு உட்கார்ந்தால் எப்படியிருக்கும்? தலைக்கனம் கொஞ்சம் கூடித்தான் இருந்தது.

*

காந்த ஸ்கேன் அறைக்குள் உலோகம் எதுவும் போகக்கூடாது என்பதால் கைக்கடிகாரம், மோதிரம், சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். அவள் கைப்பையில் போட்டுக்கொண்டு, “வாயை மட்டும் கழட்ட முடியாதா?” என்றாள்.

“அது உலோகம் இல்லையே.”

“போயிட்டு வாங்க.” அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த அவர் போர்வையின் ஓரத்தைத் தேவையில்லாமல் இரண்டு முறை சரிசெய்தாள்.

லேசர் இயந்திரம் ஸ்கேன் அறைக்கு வெளியே இருந்தது. சின்ன குளிர்பதனப் பெட்டி உயரம். அதிலிருந்து மஞ்சள் நிற இழை ஒன்று சுவரில் போட்ட துளை வழியாக உள்ளே வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஸ்கேன் ஆபரேட்டரின் குரல் மட்டும் ஒலிபெருக்கியில் கேட்டது. டாக்டரம்மாவும், முன்நரை விழுந்த நர்ஸ் ஒருத்தியும் பக்கத்தில் நின்றார்கள்.

“டாக்டர், உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?” என்று கேட்டார் மாஸ்டர். கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்து நாக்கைக் கொஞ்சம் தளர்த்திவிட்டிருந்தது.

“லைசென்ஸ் இருக்கு. ரிவர்ஸ்தான் சரியா வராது.”

“ஐயையோ, போட்டதை வெளிய எடுக்கணுமே!”

நர்ஸ் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. டாக்டரம்மா முகமூடிக்கு மேலே கண்ணை மட்டும் சுருக்கினாள். “அது வரும். பயப்படாதீங்க.”

முதல் புள்ளி மேலாக, விலா எலும்புக்கு அடுத்தாற்போலவே இருந்தது. “மூச்சை விடுங்க... நிறுத்துங்க,” என்றது ஒலிபெருக்கி. ஒரே தடவையில் குழாய் போய் உட்கார்ந்தது. தகரக் கூரையில் ஆணி அடிப்பது போல இயந்திரம் தடதடத்துப் படம் எடுத்தது. லேசரைப் போட்டார்கள். பதினைந்து நிமிஷம். உள்ளே ஏதோ வெதுவெதுவென்று கனத்தது, சூடான தண்ணீர்ப் பையை வயிற்றுக்குள் வைத்துத் தைத்த மாதிரி. அவ்வளவுதான். மாஸ்டர் படுத்துக்கொண்டே தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

இரண்டாவது புள்ளியில் மானம் போனது.

“மூச்சை விடுங்க... நிறுத்துங்க.” நிறுத்தினார். குழாய் உள்ளே நகர்வது வலியாக இல்லை; யாரோ அறைக்குள் மேசையை நகர்த்துவது போல ஓர் அழுத்தம். படம் எடுத்தார்கள். ஒலிபெருக்கி கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஏழு மில்லிமீட்டர் கீழ இருக்கு டாக்டர்,” என்றது.

குழாயைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, கோணத்தை மாற்றி மறுபடி போனாள். மறுபடி தடதடப்பு. “எட்டு.”

“மூச்சை இழுத்துட்டீங்களா நடுவுல?” என்றாள் டாக்டரம்மா.

“இல்லை டாக்டர். சத்தியமா இல்லை.”

“மூச்சு சரியாதான் நிக்குது,” என்றது ஒலிபெருக்கி. “நீங்க தள்ளும்போது மட்டும் ஈரல் எகிறுது.”

டாக்டரம்மா கையுறைக் கைகளை மார்புக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நேராகச் சொன்னாள்: “இன்னொரு தடவைதான் போவேன். ஈரலைச் சல்லடையாக்க முடியாது, ரத்தம் கசிய ஆரம்பிச்சா ஆபத்து. அதுவும் சரியா நிக்கலைன்னா இன்னிக்கு நிறுத்திக்கலாம்.”

“நிறுத்தினா?”

“திரும்பவும் மருந்து ஏத்தறதுதான். அது இதை எத்தனை நாள் பிடிச்சு வைக்கும்னு என்னால சொல்ல முடியாது.”

எண்ணைச் சொல்கிறவள் முதல்முறையாக எண் சொல்லவில்லை. மாஸ்டர் அதைக் கவனித்தார். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளிடம் ‘ஒன்று போச்சு, ஒன்று இருக்கு’ என்று போய்ச் சொல்வதை நினைத்துப் பார்த்தார். அவள் அதையும் முகம் மாறாமல்தான் கேட்டுக்கொள்வாள். அதுதான் தாங்காது.

“டாக்டர்,” என்றாள் நர்ஸ். அவள் அவருடைய கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். “நீங்க குழாயைத் தள்ளுற நேரம் சார் வலது காலை இப்படி நீட்டி மிதிக்கறாரு. போர்வையே இழுபடுது. ரெண்டு தடவையும்.”

எல்லோரும் காலைப் பார்த்தார்கள். மாஸ்டரும் தலையைத் தூக்கி, யாரோ அடுத்த வீட்டுக்காரன் காலைப் பார்ப்பது போலப் பார்த்தார். அது ஒன்றும் அறியாத மாதிரி கிடந்தது.

“சார் என்ன வேலை பார்க்கறீங்க?” என்றாள் நர்ஸ்.

“டிரைவிங் ஸ்கூல்.”

“அதான பார்த்தேன்! எங்க வீட்டுக்காரர் பஸ் ஓட்டறவரு. நான் ஸ்கூட்டர்ல பின்னாடி ஏத்திட்டுப் போனா என் இடுப்புல உதைப்பாரு.”

ஒலிபெருக்கியில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு, உடனே அடைபட்டது.

விஷயம் பிடிபட்டுவிட்டது. வலது காலை மிதித்தால் அடிவயிறு இறுகும். வயிறு இறுகினால் ஈரல் எகிறும். “காலைத் தளர்த்தியா வச்சுக்கோங்க, போதும்,” என்றாள் டாக்டரம்மா. சொல்வது சுலபம். குழாயைத் தள்ளாமல், விரலால் தோலை மட்டும் அழுத்தி ஒத்திகை பார்த்தாள். நர்ஸ் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து, பாதம் எதையும் மிதிக்க முடியாதபடி தொங்கவிட்டாள். டாக்டரம்மாவின் விரல் பட்டதுதான் தாமதம், தொங்குகிற பாதம் காற்றை மிதித்தது. நர்ஸ் இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். இப்போது கால் அசையவில்லை. வயிறு பலகை மாதிரி ஆனது.

“அது என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது டாக்டர்,” என்றார் மாஸ்டர். அவமானமாக இருந்தது. நாலாயிரம் பேரின் காலைத் தன் சொல்லுக்கு ஆட்டிவைத்தவர் அவர். கிளட்ச், பிரேக், விடு, மெல்ல, மிதி.

ஐந்து நிமிஷம் இளைப்பாறட்டும் என்று விட்டார்கள். மாஸ்டர் விட்டத்திலிருந்த துளைகளைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். மருந்தின் மிதப்பிலும் தொழில் புத்தி போகவில்லை. மாணவன் ஒருவன் இப்படித் திரும்பத் திரும்ப ஒரே தப்பைச் செய்தால் அவனைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. ஏன் செய்கிறான் என்று பார்க்க வேண்டும். சரி, இந்தக் கால் எப்போது மிதிக்கிறது? மனைவி ஓட்டினால் மிதிக்கிறது. வாடகை வண்டியில் மிதிக்கிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால்கூட மிதிக்கிறது. ஸ்கூல் வண்டியில்? நேற்றுத்தான் வண்டி ஓட்ட வந்தவன் ஓட்டும்போதுகூட அது பிரேக்குக்குப் பக்கத்தில் பூனை மாதிரி சுருண்டு கிடக்கும். வாரத்துக்கு ஒரு தரம் எழுந்தால் அதிகம்.

“டாக்டர், கண்டுபிடிச்சுட்டேன்.”

“சொல்லுங்க.”

“பிரேக் இருந்தா நான் மிதிக்க மாட்டேன். இல்லாத இடத்துலதான் மிதிக்கறேன். எனக்கு ஒரு பிரேக் குடுங்க.”

டாக்டரம்மா நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது போல, இயந்திரத்தின் பக்கவாட்டிலிருந்து ரப்பர் குழாயில் தொங்கிய ஒரு பந்தை எடுத்தாள். எலுமிச்சம்பழ அளவு. ஸ்கேனுக்குள் படுத்திருப்பவர்கள் ஏதாவது வேண்டுமென்றால் அமுக்கிக் கூப்பிடுவதற்கு வைத்திருப்பது. அமுக்கினால் வெளியே மணி அடிக்கும். முதலிலேயே கொடுத்திருக்க வேண்டியது, டாக்டர் பக்கத்திலேயே நிற்கிறாரே என்று கொடுக்காமல் விட்டிருந்தார்கள்.

“இதை அமுக்கினா நான் அந்த நிமிஷமே கையை எடுத்துடுவேன்,” என்றாள் டாக்டரம்மா.

“பாதி வழியில நிறுத்தினா உள்ள ஏதாவது கெட்டுப்போகுமா? உண்மையைச் சொல்லுங்க. சும்மா எனக்கு விளையாட்டுச் சாமான் குடுக்கறதா இருந்தா கால் கண்டுபிடிச்சுடும்.”

“கெட்டுப்போகாது. நிப்பேன். நீங்க சொன்னா விட்ட இடத்துல இருந்து அதே வழியில போவேன். எத்தனை தரம் வேணும்னாலும்.”

மாஸ்டர் பந்தை வலது கையில் வாங்கினார். “அப்ப ஒரு தடவை பார்த்துக்கறேன். பிரேக் பிடிக்குதான்னு பார்க்காம வண்டியை எடுக்கக் கூடாது.”

டாக்டரம்மா விரலை அவர் விலாவில் வைத்தாள். அவர் பந்தை அமுக்கினார். வெளியே மணி கிறீச்சிட்டது. அவள் இரண்டு கையையும் சட்டென்று மேலே தூக்கினாள், போலீஸைக் கண்ட திருடன் மாதிரி. வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாகத்தான் தூக்கினாள்.

“பிடிக்குது,” என்றார் மாஸ்டர் திருப்தியாக.

விரலால் மறுபடி ஒத்திகை பார்த்தார்கள். நர்ஸ் குனிந்து காலையே கவனித்தாள். போர்வை அசையவில்லை. வயிற்றை அமுக்கிப் பார்த்த டாக்டரம்மா குழாயைக் கையில் எடுத்தாள்.

“மூச்சை விடுங்க... நிறுத்துங்க.”

நிறுத்தினார். மேசை நகர்வது போன்ற அந்த அழுத்தம் வந்தது. பந்து உள்ளங்கையில் இருந்தது. கட்டைவிரல் அதன் மேல் லேசாகப் படிந்திருந்தது, அவ்வளவே. பதினாறு, பதினேழு என்று மனசுக்குள் எண்ணினார். இருபத்தொன்றில், “மூச்சு எடுக்கலாம்,” என்றது ஒலிபெருக்கி. தடதடப்பு. அது முடிந்தும் குரல் வரவில்லை. ஆபரேட்டர் பாவம், இரண்டு தடவை அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒன்றரை மில்லிமீட்டர் டாக்டர்.”

“எந்தப் பக்கம்?”

“ரத்தக்குழாய்ப் பக்கமா.”

“அது நமக்கு நல்லதுதான்,” என்றாள் டாக்டரம்மா. முகமூடிக்குள் அவள் மூச்சு விட்டது துணி உப்பியதில் தெரிந்தது. அவளும்தான் நிறுத்தி வைத்திருந்திருக்கிறாள்.

இந்தத் தடவை இருபது நிமிஷம். பாதியில் வலது தோளில் ஒரு வலி கிளம்பியது. ஈரலைச் சுட்டால் தோள் ஏன் வலிக்க வேண்டும் என்று மாஸ்டருக்குப் புரியவில்லை. பல்லைக் கடித்துப் பார்த்தார். பிறகு, கையில் பிரேக்கை வைத்துக்கொண்டு பல்லைக் கடிப்பவன் முட்டாள் என்று தோன்றி, பந்தை அமுக்கினார். லேசர் நின்றது.

“தோள் வலிக்குது டாக்டர்.”

“ஈரலுக்கு மேல இருக்கிற தசைக்கும் தோளுக்கும் ஒரே நரம்பு. சூடு அங்க பட்டா இங்க வலிக்கும். ரெண்டு நிமிஷம் இருங்க, மருந்து தர்றேன்.” நர்ஸ் கை ஊசி வழியாக ஏதோ ஏற்றினாள். வலி வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது. “போகலாமா?”

“போகலாம்.”

மிச்சத்தை அவர் அரைத் தூக்கத்தில் கழித்தார்.

*

நான்கு மணி நேரம் வலது பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொன்னார்கள், குழாய் போன இடம் அமுங்கி இருக்க வேண்டுமாம். நான்கு கட்டில் போட்ட அறை. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் குறட்டை விட்டார். மனைவி நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது புள்ளியில் நடந்ததை அவர் சொல்லிமுடித்ததும், “ஆக, ஆஸ்பத்திரியிலயும் போய் மானத்தை வாங்கியாச்சு,” என்றாள். பிறகு அவர் வலது முழங்காலைப் போர்வைக்கு மேலாக ஒரு கிள்ளு கிள்ளினாள். கொஞ்சம் பலமாகவே.

மதியம் தாண்டி டாக்டரம்மா படங்களோடு வந்தாள். முகமூடி இல்லாமல் பார்த்தால் இன்னும் சின்ன வயசாகத் தெரிந்தாள். சாம்பல் நிற ஈரலில் இரண்டு கறுப்பு வட்டங்கள்.

“நரம்பு வழியா சாயம் ஏத்திப் படம் எடுத்திருக்கோம். ரத்தம் ஓடற இடமெல்லாம் வெளுப்பா தெரியும். கறுப்பா இருக்கறது செத்த இடம். கட்டி இவ்வளவுதான், இந்தக் கோடு போட்டிருக்கேனே, அது. சுத்தி ஒரு சென்டிமீட்டர் நல்ல சதையையும் சேர்த்துச் சுட்டிருக்கோம், ஓரத்துல எதுவும் தப்பிச்சுடக் கூடாதுன்னு.”

“ரத்தக்குழாய்ப் பக்கம்?” என்றார் மாஸ்டர்.

“அங்கயும். முழுசா. நான் மூணு பக்கத்துல இருந்து பார்த்துட்டேன்.”

மனைவி படத்தை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். “வெந்தது அப்படியே உள்ளயே கிடக்குமா டாக்டர்?”

“உடம்பே கொஞ்சம் கொஞ்சமா கரைச்சுக்கும். ஒரு வருஷம் ஆகும், சின்னத் தழும்பா சுருங்கிடும்.”

“வேற எங்கயாவது புதுசா வந்தா?”

“வரலாம்,” என்றாள் டாக்டரம்மா. “வராம போகலாம். வந்தாலும் சின்னதா இருக்கும்போதே பிடிச்சா இதே மாதிரி இன்னொரு தடவை செய்யலாம். மூணு மாசத்துக்கு ஒரு தரம் ஸ்கேனுக்கு வாங்க. அது வரைக்கும் ஈரலைப் பத்தி யோசிக்காதீங்க, அது என் வேலை.”

அவள் போன பிறகு நர்ஸ் ரொட்டியும் டீயும் கொண்டுவந்து வைத்தாள். மாஸ்டர் படுத்தபடியே ரொட்டியைத் தின்றார், மெத்தையெல்லாம் துகள். இத்தனை மாதத்தில் முதல்முறையாக வாய்க்கு ருசி தெரிந்தது, அல்லது பசி அப்படி. மூன்று மாதம். மனசுக்குள் அந்த நீளத்தை அளந்து பார்த்தார். போன வருஷம் இதையே சொல்லியிருந்தால் இவ்வளவுதானா என்று கேட்டிருப்பார். இப்போது அது ஒழுங்காகத் தார் போட்ட சாலை மாதிரி தெரிந்தது. அதற்கப்பால் என்ன என்பது அங்கே போன பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியது.

“மூணு மாசம் இருக்கே,” என்றாள் மனைவி. “சமையலறைக்குப் பெயின்ட் அடிச்சிடலாமா? சுவரெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு.”

“அடிக்கலாம். வெள்ளை அடிச்சா பளிச்சுனு இருக்கும்.”

“வெள்ளையா? ஒரே வாரத்துல அழுக்காயிடும். இளம்பச்சை.”

“பச்சை அடிச்சா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்மா.”

“அப்ப மஞ்சள்.”

“மஞ்சள்ல எண்ணெய் தெறிச்சா...”

“உங்களுக்கு எதுதான் பிடிக்கும்? கறுப்பு அடிச்சிடலாமா?”

“சத்தமா பேசாத, பக்கத்துக் கட்டில்காரர் முழிச்சுக்கப்போறாரு.”

“முழிச்சாச்சு,” என்றார் பக்கத்துக் கட்டில்காரர், கண்ணைத் திறக்காமலே. “இளம்பச்சைதான் நல்லாயிருக்கும்.”

மனைவி வெற்றியோடு டீயை ஆற்றினாள். மாஸ்டர் அந்த ஆளை முறைக்கத் திரும்பினார், விலாவில் சுருக்கென்றது. மறுபடி வலது பக்கமாகவே சாய்ந்துகொண்டு, வெள்ளைக்காக முதலிலிருந்து வாதாட ஆரம்பித்தார்.